தூங்கியவரை எழுப்பிவிட்டு எடுத்த பதிவு

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் ஈ.சி.ஜி. பதிவாளர்களுக்காகச் சில பக்கங்கள் எழுதித் தரும்படி என்னிடம் கேட்ட பயிற்சிப் பொறுப்பாளர், "உங்க கையால எடுத்த பதிவு மாதிரி சுத்தமா இன்னைக்கு யாரும் எடுக்கிறதில்ல ஐயா, அந்த ரகசியத்த எழுதுங்க" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ரகசியம் ஒன்றும் இல்லை. தோலை நன்றாகத் துடையுங்கள். கம்பி தளராமல் பாருங்கள். நோயாளி குளிரில் நடுங்கினால் போர்த்திவிடுங்கள். மிச்சத்தை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் எழுத நினைத்தது வேறு. என் வாழ்நாளில் எடுத்த மிகச் சுத்தமான பதிவுகளில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். அதை எடுத்ததற்காக நான் இன்றும் வெட்கப்படுகிறேன்.

எந்த வைத்தியசாலை என்று சொல்லப் போவதில்லை. மாத்தளை மாவட்டத்துக்குள் பல இடங்களில் வேலை செய்தேன்; அவற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தவறு என்னுடையது, அந்தக் கட்டடத்துடையது அல்ல.

அப்போது எனக்கு ஐம்பது வயது நெருங்கியிருந்தது. புதிய இயந்திரம் பழுதுபார்க்கக் கொழும்புக்குப் போயிருந்ததால், அலுமாரிக்குள் கிடந்த பழைய இயந்திரத்தை வைத்து வேலை செய்துகொண்டிருந்தோம். நீங்கள் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே ஒரு கோடாகத் தாள் ஓடும். ஒவ்வொரு கம்பி இணைப்புக்கும் குமிழைக் கையால் திருப்ப வேண்டும். ஓடி முடிந்த தாளில் நல்ல துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, நோயாளியின் கிளினிக் கொப்பியில் வரிசையாக ஒட்ட வேண்டும். எது நல்ல துண்டு என்று முடிவு செய்வது நாங்கள்தான். வைத்தியர் நாங்கள் ஒட்டியதைத்தான் பார்ப்பார். வெட்டிப் போட்டதை யாரும் பார்ப்பதில்லை.

என் கொப்பிகள் பெயர் பெற்றவை. கோடு மேலே ஏறாது, கீழே இறங்காது, பிசிறு இருக்காது. ஒரு விசேட வைத்தியர் என்னுடைய பதிவுகளை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்துப் போயிருக்கிறார். அது எனக்குத் தலைக்கேறியிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே ஒருவர் மட்டும் என்னைப் பாராட்டவில்லை. அவர் அங்கே பொறுப்பில் இருந்த ஒரு மூத்த தாதி. சிங்களவர், மாத்தளை டவுனில் வளர்ந்ததால் தமிழும் பேசுவார். என் கொப்பி ஒன்றைக் கையில் வைத்துப் புரட்டிவிட்டு ஒருநாள் சொன்னார்: "உங்க பேப்பர் நல்ல அழகு ஐயா. ஆள் எப்படி இருக்காருன்னு மட்டும் அதுல தெரியல்ல." நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. கட்டிலில் படுத்ததும் சிலருக்குக் கண் சொக்கும். காலையில் நாலு மணிக்கு எழுந்து பஸ் ஏறி வந்தவர்கள். மின்விசிறிக் காற்றுப் பட்டதும் தூங்கிவிடுவார்கள். தூங்கினால் சிலர் துள்ளுவார்கள், குறட்டை விடுவார்கள், கோடு கெட்டுப்போகும். அதனால் ஒரு பென்சிலை எப்போதும் காதில் செருகி வைத்திருப்பேன். தூங்குகிறவரின் உள்ளங்காலில் அதனால் ஒரு தட்டு. விழித்துக்கொள்வார்கள். வெளியே வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பகலில் தூங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்பதும் உண்மை. நான் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகும் வழியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். என் அப்பா பகலில் தூங்குவார். மலையில் தேநீருக்கு உட்கார்ந்த இடத்தில் தூங்குவார். சோற்றுக்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்குவார். கோப்பை சரியும்போது நாங்கள் பிள்ளைகள் கைதட்டுவோம். கணக்கப்பிள்ளை அவரை எல்லோருக்கும் முன்னால் ஏசுவார். நான் படித்து மேலே வந்ததற்கு அந்த அவமானமும் ஒரு காரணம். அப்பா ஐம்பது வயதைக்கூடக் காணவில்லை. ஒருநாள் எழும்பவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அன்று கிளினிக் நாள். மத்தியானம் ஆகியும் வரிசை குறையவில்லை. கலேவெலச் சந்தைக்குப் பின்னால் கடை வைத்திருந்த தையற்காரர் ஒருவரை வைத்தியர் என்னிடம் அனுப்பியிருந்தார். எல்லோருக்கும் அவர் தையல் நானா. முஸ்லிம்களில் மூத்த ஆண்களை நாங்கள் நானா என்றுதானே சொல்வோம். பருத்த உடம்பு, குட்டையான கழுத்து, சிரித்த முகம். தைத்துக்கொண்டிருந்தபோது ஊசி விரலைத் துளைத்துவிட்டதால் வந்திருந்தார். கட்டுப்போடும் இடத்தில் இரத்த அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். மாத்திரை போட்டும் இறங்காமல் நின்றிருக்கிறது. அதனால் ஈ.சி.ஜி.

ஊசி எப்படி ஏறியது என்று வரிசையில் நின்ற ஒருவரே எனக்குச் சொன்னார். நானா தைத்துக்கொண்டே தூங்கிவிட்டாராம். "இவர்கிட்ட துணி குடுத்தா துணியும் சேந்து தூங்கும் சேர். என் பொண்ணோட சட்டை ரெண்டு மாசமா தூங்குது" என்றார் அவர். நானாவே எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

நான் கை கால்களில் கவ்விகளை மாட்டி முடிப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார். நான் கவனிக்கவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, பதிவேட்டில் பெயர் எழுதத் திரும்பிவிட்டேன். பின்னால் குறட்டைச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. சத்தமே இல்லை. எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய நெஞ்சும் வயிறும் காற்றுக்காக ஏறி இறங்கப் பார்க்கின்றன. மூச்சு மட்டும் உள்ளே போகவில்லை. தாளைப் பார்த்தேன். துடிப்புகள் ஒன்றுக்கொன்று விலகிப் போய்க்கொண்டிருந்தன. பிறகு ஓர் இடத்தில் துடிப்பே இல்லை. என் சுட்டுவிரல் நீளத்துக்கு வெறும் கோடு. அதற்குப் பிறகு அவர் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துத் துள்ளினார்; தாள் முழுக்கக் கிறுக்கலானது.

நான் இயந்திரத்தை நிறுத்தினேன். பென்சிலை எடுத்து அவர் உள்ளங்காலில் தட்டினேன்.

"என்னங்க நானா, தைக்கத்தான் முடியல, இங்கயாவது முழிச்சிட்டு இருக்கக்கூடாதா?"

அவர் பதறி விழித்தார். "மன்னிச்சிக்கோங்க சேர். கண் தானா மூடிடுது. ராவைக்கு நல்லாத்தான் தூங்குறேன், என்னன்னு வெளங்குதில்ல."

"ஒன்னும் இல்ல. சோம்பல்தான். கண்ண முழிச்சி மேல ஃபேனப் பாத்துட்டு இருங்க."

வரிசை சிரித்தது. அவர் கண்ணை அகல விரித்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அழகான பதிவு வந்தது. அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டினேன். முதலில் ஓடிய தாள், ஏறத்தாழ ஐந்தடி, அதைச் சுருட்டிக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். வைத்தியர் நான் ஒட்டியதைப் பார்த்து, சாதாரணமாக இருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட்டார். அவர் எழுதியதில் பிழையில்லை. அவர் முன் இருந்த தாள் சாதாரணமானதுதான்.

நீங்கள் கேட்கலாம், அந்த வெறும் கோட்டை நான் பார்த்தேனா என்று. பார்த்தேன். கம்பி தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். கம்பி தளர்ந்தால் கோடு எப்படி நடுங்கும் என்று எனக்குத் தெரியும். அது அப்படி நடுங்கவில்லை. பார்த்தேன், தெரிந்தது, ஆனால் வரிசை நீளமாக இருந்தது, எனக்குப் பசித்தது, அவர் ஒரு தூங்குமூஞ்சி என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். இவ்வளவுதான் காரணம். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதிவை எடுப்பது மட்டுமே நம் வேலை. ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் ஜனங்கள் நம்பிவிடுகிறார்கள்.

எவ்வளவு நம்பினார்கள் என்று வெள்ளிக்கிழமை தெரிந்தது. நானாவின் மனைவி என் அறை வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதைத் தாண்டியவர். என்ன ராத்தா என்று, முஸ்லிம் அக்காமாரை அழைக்கும் முறையில் கேட்டேன். உள்ளே வரத் தயங்கி, கதவைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"சேர் செல்லியனுப்பினீங்களாம், நெஞ்சு நல்லம், சோம்பல்தான்னு. சந்தோசம் சேர். சோம்பலுக்கு ஏதாச்சும் மருந்து ஈக்குதா?"

நான் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். அவர் போகவில்லை.

"சோம்பல்னா மூச்சும் நிக்குமா சேர்? தூங்கக்குள்ள இவருக்கு மூச்சு நின்டுடுது. ராவைக்குத்தான் அப்பிடின்னு இருந்தேன். இப்ப பகலைக்கு மிசின் முன்னால இருந்துட்டும் நிக்குது. நான் பக்கத்துல இருந்து எண்ணுவேன். இருவது, இருவத்தஞ்சி. முப்பது வரைக்கும் எண்ணியிருக்கேன். பொறகு தோள்ல அடிப்பேன், வந்துடும். நான் கடையில இல்லாத நேரம் யாரு எண்ணுற?"

அவர் பேசி முடிப்பதற்குள் அந்தச் சுட்டுவிரல் நீளக் கோடு என் கண்முன் வந்து நின்றது. அவரை அழைத்துக்கொண்டு வைத்தியரின் அறைக்குப் போக எனக்கு இருபது அடி நடந்தால் போதும். நடந்திருந்தால், ஏன் செவ்வாய்க்கிழமையே சொல்லவில்லை என்று கேட்டிருப்பார். பதிவைக் கிழித்துப் போட்டேன் என்று சொல்ல வேண்டி வந்திருக்கும். கூடையைத் திரும்பிப் பார்த்தேன். புதன்கிழமையே குப்பையை எரித்துவிட்டார்கள்.

"அடுத்த செவ்வாய் கிளினிக்குக்கு கூட்டிட்டு வாங்க ராத்தா. நானே டொக்டர்கிட்ட சொல்லி காட்டுறேன்" என்றேன்.

என் வாயில் வந்தது அதுதான். கேட்பதற்கு உதவி போல இருந்தது. அவர் என்னை வாழ்த்திவிட்டுப் போனார். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் என் சட்டைப் பையில் தொலைபேசி இருந்தது. வைத்தியரின் இலக்கமும் அதில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருமுறை எடுத்து, பெயர் வரைக்கும் போய், திரும்ப வைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை புதிதாக ஒரு பதிவு எடுத்து, அன்றுதான் கண்டுபிடித்த மாதிரி காட்டிவிடலாம் என்பது என் திட்டம். திட்டம் போட்டது நல்ல படிப்புப் படித்த மூளை; அதனால் அது எனக்கு நியாயமாகவே பட்டது.

திங்கட்கிழமை பத்து மணிபோல அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது, இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வரச்சொல்லி. போனால், கட்டிலில் தையல் நானா. கடையில் மெஷின் மீதே விழுந்திருக்கிறார். கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் த்ரீவீலரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அரை மயக்கம், யாரையும் அடையாளம் தெரியாமல் கையை வீசிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்று பணியில் இருந்த வைத்தியர் இளையவர். அவர் நானாவின் மனைவி நீட்டிய கொப்பியைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே என் அழகான பதிவு. ஆறு நாளுக்கு முன் எடுத்தது, எந்தக் குறையும் இல்லை. இதயம் நன்றாக இருக்கிறது, இது வலிப்புத்தான் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். அந்தத் தாளை வைத்துப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வலிப்பை அடக்கித் தூங்கவைக்கும் ஊசிக்கு உத்தரவு கொடுத்தார். நான் சொன்னேனே, அந்த மூத்த தாதி, அவர்தான் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

தூங்கினால் மூச்சு நிற்கிற மனிதருக்குத் தூக்க ஊசி. மூச்சு நிற்பது அவர் மனைவிக்குத் தெரியும், அது என்ன ஊசி என்று தெரியாது; அந்த அறையில் இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தாதி ஊசியைத் தூக்கிப் பிடித்து, காற்றை வெளியேற்றினார். எனக்கு இருந்த நேரம் அவ்வளவுதான்.

"சேர், அந்த ஊசியப் போடாதீங்க" என்றேன். சிங்களத்தில்தான் சொன்னேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அந்தக் கொப்பியில இருக்கிற பதிவு சரியில்ல. இவர் தூங்கின நேரத்துல ஒன்னு எடுத்தேன். அதுல துடிப்பு நின்னுச்சி. நான் அதக் கிழிச்சிப் போட்டுட்டு, எழுப்பி வச்சி எடுத்ததத்தான் ஒட்டினேன். தூங்கினா இவருக்கு மூச்சு நிக்குதுன்னு வீட்டுக்காரம்மாவும் வெள்ளிக்கிழமை சொன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

நானாவின் மனைவி என்னைப் பார்த்தார். அவருக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும்.

தாதி வைத்தியரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஊசியைத் தட்டில் வைத்து, தட்டை ஒரு பக்கம் தள்ளினார். அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் என்னை நம்பக் காரணமே இல்லை. சற்று முன்தான் நான் நம்பத் தகாதவன் என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேன்.

வைத்தியர் சொன்னது ஒரே ஒரு சொல். "காட்டுங்க."

மாட்டினேன். நானா கையை வீசி வீசிக் களைத்து, மெல்ல அடங்கிக் குறட்டைவிடத் தொடங்கினார். யாரும் எழுப்பவில்லை. உயிர் காக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் தாதி கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். தாள் ஓடியது. குறட்டை நின்றது. துடிப்புகள் விலகத் தொடங்கின. பிறகு வெறும் கோடு. இந்த முறை என் உள்ளங்கை நீளத்தையும் தாண்டியது. வைத்தியர் தன் பேனாவை அந்தக் கோட்டின் பக்கத்தில் வைத்து அளந்தார். தாதி நானாவின் தாடையைத் தூக்கி, அவரை ஒருக்களித்துப் புரட்டினார். மூச்சு வந்தது. துடிப்பும் வந்தது.

கோணலும் கிறுக்கலுமான அந்தத் தாளை ஒரு அங்குலம்கூட வெட்டாமல் மடித்து, நோயாளியின் குறிப்புகள் எழுதும் டிக்கெட்டில் வைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நானாவைக் கண்டிக்கு ஏற்றினார்கள். அந்த இளைய வைத்தியரே ஆம்புலன்ஸில் கூடப் போனார், வழியெல்லாம் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டு.

நானா பிழைத்தார். தூக்கத்தில் அவருடைய தொண்டை அடைபடுகிறது, அதனால் மூச்சு நின்று, இரவு முழுவதும் இதயம் தத்தளிக்கிறது, மாத்திரைக்கு அழுத்தம் இறங்காததற்கும் அதுதான் காரணம் என்று அங்கே கண்டுபிடித்தார்கள். இரவில் நூறுமுறை விழித்தெழுகிறவர் தான் நன்றாகத் தூங்கியதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். மிச்சத் தூக்கத்தை உடம்பு பகலில் கேட்கும். பகல் தூக்கம் எல்லாம் இதய நோய் அல்ல. ஆனால் அது ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் நான் பென்சிலால் தட்டி விரட்டிக்கொண்டிருந்தேன். தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு காற்று இயந்திரம் அவருக்குத் தேவைப்பட்டது. அவரைக் கேலி செய்த கடைத்தெருவே சேர்ந்து அதை வாங்கிக் கொடுத்தது. சட்டை இரண்டு மாதமாகத் தூங்குகிறது என்றவர்தான் முன்னால் நின்றாராம்.

ஆனால் இடது கையில் மூன்று விரல்கள் அவருக்குப் பழையபடி வரவில்லை. விழுந்த அன்று மூளையில் ஏதோ ஓர் இடத்துக்கு இரத்தம் போகாமல் நின்றிருக்கிறது. தையற்காரருக்குத் துணியைத் தள்ளிக் கொடுப்பது இடது கை. நான் வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் அந்த விரல்கள் தப்பியிருக்குமா என்று பிறகு விசேட வைத்தியரிடம் கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னது மருத்துவம். என் மனதுக்கு என்ன பதில் என்று எனக்குத் தெரியும்.

எழுத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். உள்ளதை எழுதிக் கொடுத்தேன். கண்டிப்புக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியது. வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது. அதற்காக நான் யாரையும் நொந்துகொண்டதில்லை. வேலையை விட்டு எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. அந்தக் கருணையில் இன்னும் பதின்மூன்று வருடம் வேலை செய்தேன்.

மிகவும் கடினமானது கலேவெலவுக்குப் போனதுதான். நானா வீடு திரும்பி மூன்று வாரத்துக்குப் பிறகு, ஒரு பௌர்ணமி, போயா லீவு நாள், மாத்தளையிலிருந்து பஸ் ஏறினேன். வழியில் நாலந்தாவில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை. கடைக்குள் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிழித்தது, பசி, பென்சில், வெள்ளிக்கிழமை, தொலைபேசி. அவர் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவர் பகலில் முழுதாக விழித்திருப்பதைப் பார்த்தேன்.

"சேர், நானும் துணிய பிழையா வெட்டியிருக்கேன்" என்றார் கடைசியில். "வெட்டினத ஒளிச்சும் வச்சிருக்கேன். கலியாணக் கோட்டு ஒன்னு. மாப்பிள வந்து நிக்கக்குள்ளதான் செல்லினேன். நீங்களும் கடைசி நேரத்துலதான் செல்லியிருக்கீங்க. ஆனா செல்லினீங்க."

"செல்லாம இருந்தா இவர் மவுத்து" என்றார் மனைவி, அடுப்படிப் பக்கமிருந்து. அதைக் கோபமாகச் சொன்னாரா, வேறு மாதிரியா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு ஒரு வேல செஞ்சி தாங்க" என்றார் நானா. "என்னப்போல ஆள் வந்தா எழுப்பாதீங்க. தூங்க வுடுங்க. தூங்கினான்னு எழுதியும் வைங்க."

அடுத்த நாள் அந்தப் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். கட்டிலில் யாராவது தூங்கினால் தாளை ஓடவிடுவேன். ஓரத்தில், நோயாளி தூங்கினார் என்று எழுதுவேன். கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டு, இவர் தூங்கும்போது நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டு, அதையும் எழுதுவேன். என் கொப்பிகள் அசிங்கமாயின. குறட்டை அறை என்று என் அறைக்குப் பெயர் வைத்தார்கள். அந்த மூத்த தாதி மட்டும் ஒருநாள் கொப்பியைப் புரட்டிவிட்டு, "இப்ப ஆள் தெரியுது" என்றார். ஓய்வு பெறும்போது கிடைத்த பாராட்டுப் பத்திரத்தைவிட அதைத்தான் நான் பெரிதாக வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் எழுதாமலே போயிருப்பேன். போன வருடம் ஒன்று நடந்தது. எனக்குக் கால் வீங்கத் தொடங்கியது. பத்திரிகையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறேன் என்று என் மனைவி சொன்னாள். அப்பாவைப் போல என்று அவள் சொல்லவில்லை. அவள் அவரைப் பார்த்ததில்லை. நான்தான் நினைத்துக்கொண்டேன். வேறொரு வைத்தியசாலைக்குப் போனேன். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. உங்களில் ஒருவர், புதிதாகச் சேர்ந்த பிள்ளை, கம்பிகளை மாட்டினார். மின்விசிறியைப் பார்த்தது ஞாபகம். கண் திறந்தபோது இயந்திரத்திலிருந்து தாள் தரை வரை தொங்கிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டீங்க ஐயா. அதான் எழுப்பல" என்றார் அந்தப் பிள்ளை. ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தார். வெளியே நின்ற என் மனைவியை உள்ளே கூப்பிட்டார்.

ஏன் எழுப்பவில்லை என்று கேட்டேன்.

"எனக்கு பழக்கினவங்க அப்படித்தான் சொன்னாங்க. ஏன்னு கேக்கல."

ஏன் என்பதற்குப் பதில்தான் இந்தப் பக்கங்கள். அன்று அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன்.

இப்போது என்னிடமும் அந்தக் காற்று இயந்திரம் ஒன்று இருக்கிறது. முகமூடியின் பட்டி என் சிறிய தலையில் நிற்காமல் நழுவியது. அதைத் தூக்கிக்கொண்டு கலேவெலவுக்குப் போனேன். தையல் நானாவுக்கும் தாடி வெளுத்துவிட்டது. பட்டியை என் தலையில் வைத்து அளந்து, சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையில் இயங்கும் இரண்டு விரல்களால் பட்டியைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் பிடிக்கும், இருங்கள் என்றார். மூலையில் இருந்த கதிரையில் உட்கார்ந்தேன்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பட்டி தைத்து முடிந்து என் மடியில் இருந்தது. அவருக்கு முன்னால் பாதி தைத்த பாடசாலைச் சட்டைகள் குவிந்து கிடந்தன. ஊசி துணிக்குள் குத்தியபடி நின்றது. மெஷினை நிறுத்திவிட்டு, தன் ஸ்டூலை என் கதிரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.